ஆட்டக்காரர் பங்கு

எனக்குப் பின்னால் கபடி லீக்கின் அந்த மாடி ஆபீசில் வந்து உட்கார்ந்திருக்கிற பிள்ளைகளே, முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். அங்கே ஃபேன் சத்தம் போடும், பழகிவிடும். அணி முதலாளிகள் அதைவிடச் சத்தம் போடுவார்கள், அது பழகாது. பழகவும் வேண்டாம்.

போன வாரம் மூன்று பேரும் வீட்டுக்கு வந்து, "மேடம், ஒங்க சர்வீஸ்ல பாத்ததை எங்களுக்குக் கொஞ்சம் எழுதிக் குடுங்க" என்று கேட்டீர்கள். விதிப்புத்தகம் உங்களிடம் இருக்கிறது. அதை நான் ஒப்பிக்கப் போவதில்லை. விதி மனப்பாடமாகத் தெரிந்தவளும் தடுமாறுகிற இடம் ஒன்று வந்தது. அதை மட்டும் சொல்கிறேன்.

நம் மாவட்டக் கபடி லீக் தொடங்கிய வருஷம் சம்பளத்துக்கு வரம்பே கிடையாது. பணம் வைத்திருந்த ஒருவர் நல்ல ஆட்டக்காரர்களை எல்லாம் வாரிக்கொண்டு போனார். ஃபைனலில் பாதி ஆட்டம் முடிவதற்குள் ஜனம் எழுந்து பரோட்டாக் கடைக்குப் போய்விட்டது. யார் ஜெயிப்பார் என்று தெரிந்த ஆட்டத்தை எவன் உட்கார்ந்து பார்ப்பான்? அடுத்த சீசனுக்கு உச்சவரம்பு வந்தது. எந்த அணியும் தன் ஆட்டக்காரர்களுக்கு மொத்தமாக இவ்வளவுதான் கொடுக்கலாம், அதற்கு மேல் கூடாது. கொடுப்பது பணமாக இருந்தாலும் பொருளாக இருந்தாலும் யார் கையால் கொடுத்தாலும் கணக்கில் வரும். கூட்டுறவு வங்கியில் தணிக்கை பார்த்துக்கொண்டிருந்த என்னைக் கூப்பிட்டு, அந்த வரம்புக்குக் காவல் போட்டார்கள்.

வரம்பு வந்த மறுநாளே சலுகை கேட்டு ஆள் வந்துவிட்டது. கீரனூர்க்காரர்கள், "எங்க பசங்க பாதிப் பேரு திருச்சியில வாடகைக்கு இருக்காங்க மேடம். அந்த வாடகை ஒங்களுக்குத் தெரியுமா?" என்றார்கள். அன்னவாசல் பக்கத்து அணியின் மேனேஜர், "சித்தன்னவாசல் பாறைக்குப் பக்கத்துல பிராக்டிஸ். வெயிலுக்குப் பசங்க மோரு மோராக் குடிக்கிறாய்ங்க. அதுக்கு ஒரு சலுகை போட்டுக் குடுங்க" என்றார். "மோருக்கு விதி இல்லீங்க. கொஞ்சம் தண்ணியாக் கலக்குங்க" என்று அனுப்பிவைத்தேன். அந்த மனுஷர் இன்றைக்கும் என்னைப் பார்த்தால் மோர் குடிக்கிற மாதிரி கையைக் காட்டிச் சிரிப்பார்.

கடைசியில் இரண்டே இரண்டு சலுகைதான் நின்றது. ஒரே அணியில் எட்டு சீசன் விடாமல் ஆடியவருக்குக் கொடுக்கிற சம்பளத்தில் பாதி வரம்புக்குள் வராது. அது மூத்தவர் சலுகை. கடற்கரை அணிக்கு வரம்பு கொஞ்சம் உயர்வு. அங்கே ஆடுகிற பையன்கள் கடலுக்குப் போகிற நாளை விட்டுவிட்டுத்தான் ஆட வருகிறார்கள். படகில் ஏறாதவனுக்குப் பிடித்த மீனில் பங்கு கிடையாது அல்லவா, அதற்காக.

கடற்கரை அணி என்றால் கட்டுமாவடி. சீசனுக்கு முன்னாலும் நடுவிலும் ஒவ்வொரு அணியையும் நேரில் போய்ப் பார்க்க வேண்டும். மற்ற ஊர்களுக்குப் போவது வேலை. கட்டுமாவடிக்குப் போவது எனக்குப் பிறந்த வீட்டுக்குப் போகிற மாதிரி. பஸ்ஸை விட்டு இறங்கும்போதே கருவாட்டு வாடையும் உப்புக் காற்றும் முகத்தில் அடிக்கும். மீன் ஏலக் கொட்டகைக்குப் பின்னால் மணலை நிரவி மேட் விரித்திருப்பார்கள். அங்கே சேவியர் பையன்களை விரட்டிக்கொண்டிருப்பார்.

சேவியரைத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். கட்டுமாவடியின் இடது கார்னர், அதாவது இடது ஓரத்தில் நின்று பிடிக்கிறவர். பாடிக்கொண்டு ரைடு வருகிறவன் காலை எடுத்து வைத்த நொடியில் கணுக்காலைப் பிடித்துவிடுவார், பிடித்தால் விடமாட்டார். லீக் தொடங்கிய நாளிலிருந்து அந்த அணியைத் தவிர வேறு சட்டை போட்டதில்லை. வெளியிலிருந்து எத்தனையோ பேர் கூப்பிட்டார்கள். "இங்கிட்டே இருந்துக்கிறேன்" என்பார், அவ்வளவுதான். பேச்சு கம்மி. அவருக்கும் சேர்த்து அவர் மனைவி ஃபிலோமினா பேசுவாள். கொட்டகையில் மீன் விற்பவள். முதல் தடவை போனபோது என்னை மேடம் என்றாள். இரண்டாவது தடவை, "என்ன மேடம் கீடம், அக்கான்னு கூப்புடுறேன், சாப்பிட வாங்க" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள்.

அவள் வைக்கிற குழம்பைப் பற்றி எழுத ஆரம்பித்தால் இந்தக் கட்டுரை முடியாது. ஒருத்தி சமைத்து அதே ஒருத்தி சாப்பிடுகிற வீடு என்னுடையது. அங்கே போனால் நான் தட்டில் போட்டதைத் தின்று முடிப்பதற்குள் இன்னொரு துண்டு விழும். "போதும் ஃபிலோமினா" என்றால், "ஒங்க போதும் எனக்குத் தெரியும்க்கா, பேசாம சாப்பிடுங்க" என்பாள். ஊருக்குக் கிளம்பும்போது நண்டோ நெத்திலியோ விலைக்கு வாங்குவேன். காசைக் கறாராக வாங்கிக்கொள்வாள், அப்புறம் பையில் ஒரு கை அள்ளிக் கொசுறு போடுவாள். கொசுறு போடாமல் அவள் யாரையும் அனுப்பிப் பார்த்ததில்லை.

இனி விஷயத்துக்கு வருகிறேன். சேவியரின் முழங்கால் தேய்ந்துபோயிருந்தது. "இந்த சீசனோட நிப்பாட்டிக்கணும், இல்லாட்டி படகுலகூட ஏற முடியாது" என்று டாக்டர் சொல்லிவிட்டார். அத்தனை வருஷத்தில் கட்டுமாவடி ஃபைனலுக்குப் போனதில்லை. அந்த வருஷம் போனது. எதிரே கீரனூர். சேவியருக்கு அதுதான் முதல் ஃபைனல், அதுதான் கடைசி ஆட்டமும். ஊரே வேன் பிடிக்கப் பணம் போட்டுக்கொண்டிருந்தது.

ஃபைனலுக்கு ஒரு வாரம் இருக்கும்போது கீரனூர் அணி முதலாளி தங்கராசு மாடிப்படி ஏறி வந்தார். மினி பஸ் வைத்து ஓட்டுகிறவர். நாற்காலியில் உட்காரவே இல்லை.

"மேடம், நான் ஒரு பயலுக்கு ஷூ வாங்கிக் குடுத்தாக்கூடக் கணக்குல ஏத்துறீங்க. ஏத்துங்க, வேணாங்கலை. அங்க கட்டுமாவடியில படகு கரைக்கு வந்ததும் கொட்டகையில ஒரு கூடை வச்சு, படகுக்கு ஒரு கை மீனு அள்ளிப் போடுறாங்க. சீசன் பூராவும் போடுறாங்க. அந்தக் கூடை சேவியருக்குப் போவுது. அது சம்பளம் இல்லையா?"

கூடையை நானும் பார்த்திருக்கிறேன். மாதா கோயிலுக்கு எடுத்து வைக்கிற பங்கு என்று நினைத்துக்கொண்டு தாண்டிப் போயிருக்கிறேன்.

"இல்ல, அந்தக் கொழம்பு ருசியில ஒங்களுக்குக் கணக்கு மறந்துருச்சா?" என்றார்.

சுருக்கென்று இருந்தது. கோபமும் வந்தது. ஆனால் கேள்வி நியாயமானது, கேட்டவர் யாராக இருந்தால் என்ன? உடனே கமிட்டித் தலைவருக்குப் போன் போட்டு, "அந்த வீட்டில் நான் பல தடவை சாப்பிட்டிருக்கிறேன், இந்தப் புகாரை வேறு யாராவது விசாரியுங்கள்" என்றேன். அவர் சிரித்தார். "இந்த மாவட்டத்துல யாரு வீட்டுலதான் யாரு சாப்பிடலை? நீங்களே போங்க. ஆனா தங்கராசு ஆளையும் ஒருத்தரைக் கூட்டிக்கிட்டுப் போங்க" என்றார். தங்கராசு தானே வந்தார்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது படகுகள் கரையில் நின்றன, ஏலம் ஓய்ந்திருந்தது. கொட்டகைத் தூணோரம் அந்தக் கூடை இருந்தது. சூடையும் காரப்பொடியும் அதற்குமேல் ஒரு நல்ல கணவாயும் கிடந்தன. சேவியர் ஆடுகளத்திலிருந்து வந்து பக்கத்தில் நின்றார். ஃபிலோமினா முகமெல்லாம் சிரிப்பாக ஓடிவந்தாள். "வாங்கக்கா! ஃபைனலுக்கு முன்னாடி வருவீங்கன்னு இவருக்கிட்ட சொல்லிக்கிட்டே இருந்தேன்."

பிள்ளைகளே, ஒரு கேள்வியை எப்படிக் கேட்கிறோமோ அதிலேயே பாதித் தீர்ப்பு இருக்கிறது. "இது யாருக்கு?" என்றுதான் நான் கேட்டிருக்க வேண்டும். என் வாயில் வந்தது வேறு.

"ஃபிலோமினா, இது கோயில் பங்குதானே?"

ஆமாம் என்ற ஒரு வார்த்தை போதும். கோயிலுக்குப் போகிற மீனை யாரும் எடை போட மாட்டார்கள், தங்கராசு உட்பட. ஒருவேளை கோயில் மீனாக இருந்துவிட்டால் என்று அவரே செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் கூடைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்.

ஃபிலோமினா விழுந்து விழுந்து சிரித்தாள். "கோயில் பங்கா! அது காலையிலயே போயிருச்சுக்கா. இது ஆட்டக்காரர் பங்கு. எங்க மாமனாரு காலத்துல சடுகுடு ஆடப் போனவங்களுக்குக்கூட ஊரு இப்படித்தான் எடுத்து வச்சுச்சு. கடலுக்குப் போவாம ஊருக்காக ஆடுறான்ல, அவன் வீட்டு அடுப்பு எரியணும்ல? இந்தக் கூடை இருக்கங்காட்டித்தான் இவரு வெளிய யாருக்கிட்டயும் போவலை. எத்தனை பேரு எத்தனை கொட்டுனாலும் சரி, எங்க ஆளுக்கு எங்க ஊரு குடுக்குது!"

தங்கராசுவைப் பார்த்துத்தான் அதைச் சொன்னாள். பெருமை தாங்கவில்லை அவளுக்கு. சேவியர் என் முகத்தைப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. அவளுக்குப் புரியவில்லை.

நான் என்ன செய்வேன், சொல்லுங்கள். கூடைக்காகத்தான் ஆள் வெளியே போகவில்லை என்று அவளே சொல்லிவிட்டாள். ஒரு ஆட்டக்காரரை ஓர் அணியில் நிறுத்தி வைப்பதற்குக் கொடுப்பது எதுவோ அதற்குப் பேர் சம்பளம்தான். கடற்கரைச் சலுகை ஏற்கெனவே இருக்கிறது, இது அதற்கு மேல். மூத்தவர் சலுகையில் கூடையின் மதிப்பில் பாதியைத் தள்ளிப் பார்த்தேன். அப்படியும் கட்டுமாவடி வரம்பைத் தாண்டியது.

அன்றைக்கே தங்கராசுவின் பஸ்ஸையும் நான் விடவில்லை. அவருடைய ஆட்டக்காரர்களின் வீட்டார் எல்லாம் திருச்சிக்கு ஓசியில் போய் வருகிறார்கள் என்பது கீரனூரில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. அதையும் கணக்கில் ஏற்றினேன். "ஏத்திக்கங்க மேடம்" என்றார். ஏற்றின பிறகும் அவர் வரம்புக்குள்தான் இருந்தார். இருப்பவன் எப்போதும் கொஞ்சம் இடம் விட்டு வைத்திருப்பான். இல்லாதவனுக்குத்தான் எல்லாம் விளிம்பில் நிற்கும். ஒரே அளவுகோலால்தான் அளந்தேன், ஆனால் அன்றைக்கு அது எனக்கு வயிற்றெரிச்சலாக இருந்தது.

தலைவர் மறுபடி போனில் வந்தார். குரலைத் தணித்துக்கொண்டு, "ஃபைனல் முடியட்டும் மேடம். டிக்கெட் எல்லாம் வித்தாச்சு. தீர்ப்பை அப்புறம் சொல்லிக்கலாம்" என்றார்.

இங்கேதான் தடுமாறினேன். தள்ளிப்போட எனக்கும் ஆசை. சேவியர் ஆடிவிடுவார், ஊர் சந்தோஷப்படும், நான் குழம்பு சாப்பிடுவேன். ஆனால் அவர்கள் ஜெயித்து, ஊர்வலம் போய், மாதா கோயிலில் கோப்பையை வைத்த பிறகு நான் போய் அதைத் திருப்பிக் கேட்க வேண்டும். அந்தப் பையன்களை ஆயுசுக்கும் திருட்டுக் கோப்பை வாங்கினவர்கள் என்பார்கள். கெட்ட சேதியை முன்னாலேயே சொல்கிறவளுக்குத்தான் வசவு அதிகம். அந்த வசவை வாங்கிக்கொள்ளத்தான் நமக்குச் சம்பளம். "இல்லைங்க, இன்னிக்கே சொல்லிடுறேன்" என்றேன்.

தீர்ப்பு இதுதான்: வரம்புக்குள் வருகிற அளவுக்கு ஃபைனலில் ஆளைக் குறைத்துக்கொள்ள வேண்டும். இளைய ரைடர்கள் இருவரை வெளியே உட்கார வைக்கலாம், அல்லது சேவியர் ஒருவரை உட்கார வைக்கலாம். எதுவென்று அணியே முடிவு செய்யட்டும்.

கொட்டகையில் அதைச் சொன்னபோது பையன்கள் கத்தினார்கள். யாரோ ஒருவன் கூடையைக் காலால் தள்ளினான். சேவியர் அவனை ஒரு பார்வை பார்த்தார், அவன் குனிந்து மீனைப் பொறுக்கிப் போட்டான்.

"விதி எல்லாருக்கும் ஒண்ணுதானே மேடம்?" என்று கேட்டார் சேவியர்.

"ஒண்ணுதான்" என்றேன்.

"அப்பச் சரி. ரைடு போற பயலுக இல்லாம என்னத்த ஆடுறது? நான் ஒக்காந்துக்கிறேன்."

ஃபிலோமினா அழவில்லை, திட்டவும் இல்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கிட்டே வந்து மெதுவாகக் கேட்டாள்: "கேட்டது நீங்க, சொன்னது நானு. நான் பொய் சொல்லியிருக்கணுமோ மேடம்?"

அக்கா போய்விட்டது. அதை அந்த இடத்திலேயே கவனித்தேன்.

ஃபைனல் புதுக்கோட்டையில் நடந்தது. சேவியர் சாதாரணச் சட்டையில் ஊர்க்காரர்களோடு உட்கார்ந்திருந்தார். கடைசி ரைடு வரும்போது கட்டுமாவடி ஒரு புள்ளி முன்னால் இருந்தது. கீரனூர் ரைடர் உள்ளே வந்து, நேரே இடது கார்னருக்குத்தான் போனான். எங்கே ஓட்டை என்று அவனுக்குத் தெரியாதா என்ன? அங்கே நின்ற பையன் பிடிக்கப் பாய்ந்தான், கால் நழுவிப்போனது. அவனையும் அடுத்து நின்றவனையும் தொட்டுவிட்டு ரைடர் நடுக்கோட்டில் விழுந்தான். இரண்டு புள்ளி. முடிந்தது. நான் ஆடுகளத்தைப் பார்க்கவில்லை, சேவியரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தப் பையன் பாய்ந்த அதே நொடியில் அவர் இரண்டு கையும் முன்னால் நீண்டு, இல்லாத ஒரு காலைப் பிடித்தது. அப்புறம் கையை மடக்கி மடியில் வைத்துக்கொண்டார்.

அடுத்த சீசனுக்கு முன்னால் நானே உட்கார்ந்து புது விதி எழுதி, கமிட்டியோடு மல்லுக்கட்டி வாங்கினேன். எட்டு சீசன் ஆடிய ஒருவருக்கு ஊர் கூடித் தருகிற பங்கை முன்கூட்டியே தெரிவித்துவிட்டால் அது வரம்புக்குள் வராது. நீங்கள் 'ஊர்ப் பங்குச் சலுகை' என்று படிக்கிறீர்களே, அது இதுதான். தங்கராசுகூடக் கை தூக்கினார். பாஸானதும் ஆசையாக ஃபிலோமினாவுக்குப் போன் போட்டேன். பொறுமையாகக் கேட்டாள். "நல்லது மேடம். ஆனா இவரு மொழங்காலு திரும்பி வராதே" என்றாள். போனை வைத்துவிட்டாள்.

எத்தனையோ பேர் என்னிடம், "விதியைக் கொஞ்சம் வளைத்திருக்கலாமே" என்று கேட்டுவிட்டார்கள். இன்றைக்கு மறுபடி அதே கூடையை என் முன்னால் கொண்டு வந்து வைத்தாலும் அதே தீர்ப்பைத்தான் சொல்வேன். விதி தப்பு என்றால் சீசன் முடிந்ததும் விதியை மாற்றுங்கள். பிடித்த ஆள் மாட்டிக்கொண்டார் என்பதற்காக நடு ஆட்டத்தில் மாற்றாதீர்கள். ஆனால் ஒன்று. நியாயமாக நடந்துகொண்டோமே, அதற்காக நம்மிடம் எல்லோரும் பழையபடி இருப்பார்கள் என்று எதிர்பார்க்காதீர்கள். அப்படி எந்த விதியிலும் எழுதியிருக்கவில்லை.

ரிட்டயர் ஆன பிறகு ஒரு நாள் மனசு கேட்கவில்லை. பஸ் ஏறிவிட்டேன். வேலை இல்லை, புகார் இல்லை, இனிமேல் யார் வீட்டில் சாப்பிட்டாலும் கேட்க ஆள் இல்லை. வழி முழுக்க அதையே நினைத்துச் சிறுபிள்ளை மாதிரி சந்தோஷப்பட்டுக்கொண்டு போனேன். கொட்டகையில் ஃபிலோமினா உட்கார்ந்திருந்தாள். தலை கொஞ்சம் நரைத்திருந்தது. பின்னால் ஆடுகளத்தில் சேவியர் சின்னப் பையன்களை விரட்டுகிற சத்தம் கேட்டது.

"வாங்க மேடம். சௌக்கியமா இருக்கீங்களா?" என்றாள். குரலில் குறை ஒன்றும் சொல்ல முடியாது.

"நான் ரிட்டயர் ஆயிட்டேன் ஃபிலோமினா."

"தெரியும் மேடம். சொன்னாங்க. என்ன வேணும்? நண்டு நல்லாருக்கு."

எனக்கு முன்னால் நின்ற பெண்ணுக்கு நெத்திலி நிறுத்துக் கொடுத்து, ஒரு கை அள்ளிப் பையில் கூடப் போட்டாள். பிறகு எனக்கு நண்டு நிறுத்தாள். தராசு முள் நேராக நின்றது. பையில் கொட்டினாள். கை வழக்கம்போல மறுபடி குவியலுக்குப் போனது. அங்கேயே ஒரு நொடி நின்றது. பிறகு திரும்பி வந்து, முந்தானையில் ஈரத்தைத் துடைத்துக்கொண்டது.

"சரியா இருக்கு மேடம்" என்றாள்.

சரியாகத்தான் இருந்தது. காசைக் கொடுத்துவிட்டு வந்தேன். வீட்டில் வைத்த குழம்பு வாயில் வைக்க விளங்கவில்லை.

இப்போதும் மாதம் ஒரு தடவையாவது போகிறேன். விலைக்குத்தான் வாங்குகிறேன், விலைக்குத்தான் கொடுக்கிறாள். நிறுத்துப் போட்டு முடித்த பிறகும் பையை உடனே மூடுவதில்லை. கொஞ்ச நேரம் திறந்தபடியே பிடித்துக்கொண்டு நிற்கிறேன்.